கட்சி சாராதார் மௌனம்: வடசென்னையின் வாக்குரிமை வரலாற்றில் ஒரு நோக்கு

தோற்றுவாய்

தேர்தல் வரலாறு எழுதுவோர் வென்றவரையும் தோற்றவரையும் எண்ணிக் கணக்கிடுகின்றனர். வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர் அக்கணக்கில் ஒரு விழுக்காட்டு எண்ணாக மட்டுமே நிற்கின்றார். அவர் யார், ஏன் வரவில்லை, அவர் வராமையால் விளைந்தது யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கட்சிக்காரர் எப்படியும் வந்து வாக்களித்துவிடுவார். வரத் தயங்கினாலும் அவரை வீடு தேடி வந்து அழைத்துச் செல்லப் பூத் கமிட்டி உண்டு. அழைக்க ஆளில்லாதவர் கட்சி சாராதவரே. ஆகவே வாக்களிப்பில் நாட்டமின்மை என்பது பெரிதும் கட்சி சாராத குடிமக்களைப் பற்றிய சிக்கலாகவே அமைகின்றது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்கு இப்பொருளைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. "எனக்கு அரசியல் கிடையாது" என்பது எழுதுவோரிடையே ஒரு தகுதிபோலச் சொல்லப்பட்டு வருகின்றது. இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரமாக நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் வாழும் நமக்கு அச்சொல்லால் நேர்ந்த இழப்பு என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடவோலையும் ஓரம் நின்றவரும்

தமிழர் மக்களாட்சி என்றவுடன் மேடைதோறும் உத்தரமேரூர் எடுத்துக்காட்டப்படுகின்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்த வகையை விரித்துரைக்கின்றன. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மருதன் இளநாகனார் அகநானூற்றுப் பாடல் ஒன்றில் (77) குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சியை உவமையாக ஆண்டிருக்கின்றார். இவை பெருமைக்குரியனவே.

எனினும் இரண்டு செய்திகளை நாம் மறந்துவிடுகின்றோம். முதலாவது, குடவோலை என்பது இன்றைய பொருளில் வாக்கெடுப்பு அன்று. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச்சீட்டு. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக்கல்வியும் உடையவர் பெயரே குடத்தில் விழுந்தது. உழுதவரும் நெய்தவரும் மீன்பிடித்தவரும் அதற்குப் புறத்தே நின்றனர். இரண்டாவது, அம்முறை தன் எல்லைக்குள் வருகையை வற்புறுத்தியது. இளையோரும் முதியோரும் உள்ளிட்ட பேரவை கூட வேண்டும். அன்று ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் அமர வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. உரிமை சிலருக்கே இருந்தது. உரிமையுடையவர் விலகி நிற்க அச்சபை விரும்பவில்லை.

பண்டைய ஏதென்சு நகரத்தாரும் இக்கவலையை அறிந்திருந்தனர். அங்காடியில் வீண்பேச்சுப் பேசி நிற்கும் குடிமக்களைச் செஞ்சாயம் தோய்ந்த கயிற்றால் வளைத்து அவைக்கு ஓட்டிச் சென்றதை அரிசுடோபனீசின் நகைச்சுவை நாடகம் ஒன்று காட்டுகின்றது. உடையில் சாயம் பட்டவன் நாணமுறுவான். நாட்டில் பிளவு நேரும்போது எப்பக்கமும் சேராது ஒதுங்கியிருப்பவன் குடியுரிமை இழப்பான் என்று சோலோன் சட்டம் வகுத்ததாக அரிசுடாட்டில் குறிக்கின்றார்.

வாக்கில்லாத காலத்து அரசியல்

1688இல் தொடங்கப்பெற்ற சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே பழமையானது. ஆயினும் அதன் வரலாற்றின் மிகப் பெரும்பகுதியில் உழைக்கும் மக்களுக்கு அதில் குரல் இருந்ததில்லை. 1920இல் நடைபெற்ற சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. காங்கிரசு அத்தேர்தலைப் புறக்கணித்தது. வாக்குரிமை பெற்றிருந்த சிலரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவரே வாக்களித்தனர். நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. 1921இல் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்க இம்மாகாணச் சட்டமன்றம் இசைந்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. ஆனால் அவ்வுரிமையும் சொத்துடைய மகளிர்க்கே வாய்த்தது.

வாக்கில்லாத மக்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தனர்? 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னின்றனர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் நிகழ்ந்த முதல் மே நாள் விழா அது. வாக்குச்சீட்டைக் கையில் பெறாத மனிதர், கூலியும் வேலை நேரமும் அரசியல் என்பதை அறிந்து கூடினர். நாட்டமின்மை என்னும் சொல் அன்றைய வடசென்னையைக் குறிக்கப் பொருந்தாது.

1952இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தது. அவ்வாண்டுச் சென்னைச் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. சுயேச்சைகள் மட்டும் 62 பேர் வென்றிருந்தனர். கட்சி சாராதாரின் குரலுக்கு அன்று அவையில் இருக்கை இருந்தது. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒன்றிலேனும் சுயேச்சை வெல்லவில்லை. கட்சிகள் வலுத்ததன் விளைவு இது என்பது உண்மையே. கட்சி சாராதார் தம் வலிமையை உணராது விட்டதும் இதில் பங்குடைத்து.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

இப்பகுதியின் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1973இல் முறைகேட்டுப் புகார்களை அடுத்துச் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடியும் தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். இடைப்பட்ட 23 ஆண்டுகள் இந்நகரின் தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 1973இல் முதல் வாக்குக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவர், தம் வார்டுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நடுத்தர வயதில்தான் பெற்றார். ஒரு தலைமுறை, மாநகராட்சித் தேர்தல் என்பதையே கண்ணால் காணாமல் வளர்ந்தது.

இக்காலம் வடசென்னைப் பகுதி உருமாறிய காலமும் ஆகும். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி வேதியியல் தொழிற்சாலைகள் பெருகின. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. எண்ணூரும் திருவொற்றியூரும் அப்போது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தன. ஆனால் அந்நகராட்சிகளிலும் தேர்தல் 1986இல் ஒருமுறை நடந்து, பின் 1996 வரை நடைபெறவில்லை. புகைபோக்கிகள் எழுந்த ஆண்டுகளில், அவற்றின் நிழலில் வாழ்ந்தோர் தம் தெருவுக்கு அருகில் கேள்வி கேட்பதற்குரிய மன்றம் பெரும்பாலும் இல்லாமலே இருந்தது.

2011இல் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. தனக்கெனத் தலைவரும் மன்றமும் கொண்டிருந்த கத்திவாக்கம், பெருநகரின் வடகோடியில் சில வார்டுகளாகச் சுருங்கியது. இணைப்பால் நன்மைகள் வந்திருக்கலாம். முடிவெடுக்கும் மேசை எண்ணூரிலிருந்து ரிப்பன் மாளிகைக்குப் பெயர்ந்தது என்பதும் மெய்யே.

அம்மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர்நீதிமன்றம் நீக்கியது. மீண்டும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இந்த ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வெற்றிடத்தில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர வேண்டும். 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. கரையொதுங்கிய கசடை மீனவரும் தன்னார்வலரும் வாளிகொண்டு அள்ளினர். 2020 மே மாதத்தில் கொரோனாத் தொற்று சென்னையின் மண்டலங்களுள் இராயபுரத்திலேயே மிகுதியாக இருந்தது. அடைக்கப்பட்ட தெருவில் அரிசிக்கும் மருந்துக்கும் யாரிடம் முறையிடுவது என்று தவித்தவர்க்கு, தாம் தேர்ந்தெடுத்தவர் என்று உரிமையோடு கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் இல்லை.

இத்தனைக்கும் பின்னர் வந்த 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்கு ஏறத்தாழ 44 விழுக்காடு. மாநிலத்தின் மாநகராட்சிகளுள் இதுவே மிகக் குறைவு. செய்தித்தாள்கள் நகரத்தாரின் அசட்டையைக் கடிந்துரைத்தன. 49 ஆண்டுகளில் 28 ஆண்டுக்கு மேல் மன்றமின்றி விடப்பட்ட மக்கள் மன்றத்தின் அருமையை உணரவில்லை என்று குறைகூறுவது எவ்வாறு நேர்மையாகும்? வாக்களிப்பு ஒரு பழக்கம். பழக்கம் விட்டுப்போனால் உரிமை என்னும் உணர்வும் மங்கும். நாட்டமின்மையின் ஒரு பகுதி மேலிருந்து கற்பிக்கப்பட்டது என்பதே இவ்வரலாறு தரும் முதல் முடிவு.

யார் வருவதில்லை?

வாக்களியாமை ஏழை எளியோரின் அறியாமையால் நேர்வது என்ற கருத்து பரவலாக உள்ளது. சென்னையின் கணக்கு அதனை மறுக்கின்றது. 2024 மக்களவைத் தேர்தலில் வடசென்னையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். படித்தவரும் வசதியுடையவரும் மிகுந்த தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் வாக்குப்பதிவு 54 விழுக்காடு அளவிலேயே நின்றது. மாநில அளவோ ஏறத்தாழ 70. அதாவது, துறைமுகக் கூலியும் மீனவப் பெண்ணும் வரிசையில் நின்ற அளவுக்கு அடையாற்றின் பட்டதாரி நிற்கவில்லை.

வாராதவர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பதும் பிழை. வாக்காளர் பட்டியலில் இறந்தோர், இடம்பெயர்ந்தோர் பெயர்கள் நீடிப்பதால் விழுக்காடு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவரின் பெயர் பழைய முகவரியிலே தங்கிவிட்டால், ஒரு நாள் கூலியை இழந்து நகரைக் கடந்து வந்தாலன்றி அவர் வாக்களிக்க இயலாது. அவரை நாட்டமற்றவர் என்பது அறமன்று.

மறுப்போரும் வேறு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 தேர்தலைப் புறக்கணித்தனர். 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் உழவர்கள் தம் குறையை உணர்த்த 1,033 வேட்பாளர்களாக நின்றனர். அவ்வாண்டே வேட்பாளர் வைப்புத்தொகை, சட்டமன்றத் தொகுதிக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. குறையைக் கேட்பதைவிடக் கதவைச் சாத்துவது எளிது போலும். இவர்கள் வாய்திறந்து மறுத்தவர்கள். 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வந்த 'நோட்டா' இத்தகையோர்க்கு ஒரு பொத்தானைத் தந்தது. ஆனால் அது எத்துணை வாக்குப் பெற்றாலும் வேட்பாளருள் மிகுதி பெற்றவரே வென்றவராவார்.

இவர்களையெல்லாம் நீக்கிய பின்னும் எஞ்சுவோர் உளர். பட்டியலில் பெயர் உண்டு, சாவடி பக்கத்துத் தெருவில் உண்டு, விடுமுறையும் உண்டு. எனினும் செல்வதில்லை. என் வகுப்பில் முதல் வாக்குப் பெற்ற மாணவியரை வினவியபோது ஒருத்தி சொன்னாள்: "யார் வந்தாலும் எங்க தெருத் தண்ணி மாறப் போறதில்ல, மேடம்." இச்சொல்லில் சோம்பல் இல்லை, பட்டறிவு இருக்கின்றது. ஆனால் அப்பட்டறிவிலிருந்து அவள் பெற்ற முடிவு சரியா என்பதே ஆராயத்தக்கது.

மௌனத்தின் விளைவு

ஒரு வார்டில் நூறு வாக்காளர் என்று கொள்வோம். ஒரு கட்சிக்கு உறுதியான வாக்கு இருபத்தைந்து, மற்றொன்றுக்கு இருபது. எஞ்சிய ஐம்பத்தைவரும் எக்கட்சியும் சாராதார். அனைவரும் வந்தால் இரு கட்சிகளும் அந்த ஐம்பத்தைவரின் வாயிலில் நிற்க வேண்டும். தண்ணீரைப் பற்றியும் புகையைப் பற்றியும் விடை சொல்ல வேண்டும். அவர்கள் வாராதொழிந்தால் இருபத்தைந்து பேரைக் காத்துக்கொண்டாலே வெற்றி. எனவே கட்சி தன் கவனத்தைத் தன்னவரிடமே செலுத்துகின்றது; இடைவெளியை நிரப்ப ஐந்தாறு வாக்குகளை விலைக்கு வாங்குவதும் எளிதாகின்றது. வாக்களிப்போர் குறையக் குறைய, விலை கொடுத்து வாங்கப்படும் வாக்கின் ஆற்றல் கூடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. வாக்குச்சாவடி வாரியாகப் பதிவான எண்ணிக்கை தேர்தலுக்குப் பின் படிவம் 20 என்னும் ஆவணமாக வெளியிடப்படுகின்றது. எந்தத் தெருவின் சாவடியில் எத்தனை பேர் வந்தனர், எவர்க்கு இட்டனர் என்பதைக் கட்சிகள் கூர்ந்து படிக்கின்றன. வாராத தெரு தம் வெற்றி தோல்விக்குத் தொடர்பற்ற தெரு என்று அவர்கள் குறித்துக்கொண்டால் வியப்பில்லை. "யார் வந்தாலும் மாறாது" என்ற மாணவியின் சொல், தெருவே வாராதபோது தன்னைத்தானே மெய்யாக்கிக் கொள்கின்றது.

சில வாக்குகள் என்ன செய்யும் என்போர்க்கு நம் பக்கத்துத் துறைமுகம் தொகுதியே விடை. 1991இல் மு. கருணாநிதி அங்கு 890 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2001, 2006 தேர்தல்களில் க. அன்பழகன் சில நூறு வாக்குகளில் வென்ற தொகுதியும் அதுவே. 2021இல் தியாகராய நகரில் வெற்றி தோல்வியைத் தீர்த்தவை 137 வாக்குகள். அவ்வாண்டு அத்தொகுதியில் வீட்டிலிருந்தோர் பல்லாயிரவர்.

பணத்தின் இடம் குறித்து டாக்டர் இராதாகிருட்டிணன் நகர் தொகுதி நாடறிந்த எடுத்துக்காட்டாயிற்று. தண்டையார்பேட்டையையும் கொருக்குப்பேட்டையையும் உள்ளடக்கிய இத்தொகுதி, 2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்ததால் வெற்றிடமாயிற்று. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் நீக்கியது. டிசம்பர் 21 அன்று மீண்டும் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வேறுபாட்டில் வென்றார். சுயேச்சை என்பது அங்குச் சின்னத்தைக் குறித்ததேயன்றிக் கட்சி சாராமையைக் குறிக்கவில்லை. வாக்குப்பதிவு மிகுந்தால் மட்டுமே மக்களாட்சி சிறந்துவிடும் என்று எண்ணுவோர்க்கும் இத்தொகுதி ஒரு பாடம். ஆத்திரேலியாவில் 1922இல் 60 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு, 1924இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தபின் 1925இல் 91 விழுக்காட்டைத் தாண்டியது. சட்டத்தாலோ பணத்தாலோ ஆளைச் சாவடிக்குக் கொணர முடியும். கேள்வியோடு வருபவரை அவற்றால் உருவாக்க இயலாது.

கேள்வி கேட்பவர் இப்பகுதியில் இல்லையா என்றால், உளர். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமும் கொசத்தலை ஆற்று ஓரத்து வீடுகளும் கறுத்தன. அம்மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அடுத்து நாள்தோறும் பந்தலில் அமர்ந்து போராடியவர்களில் எக்கட்சியும் சாராத பெண்கள் பலர். பொதுப்பொருளில் நாட்டமற்ற மக்கள் அல்லர் இவர்கள். ஆயினும் போராட்டம் தீங்கு வந்தபின் எழுவது. தீங்கு வருமுன் காக்கும் வாய்ப்பு மன்றத்தில் உண்டு. 1918இல் மன்றத்துக்கு வழியில்லாதவர் சங்கம் கண்டனர். இன்று வழி இருந்தும் அதில் புல் முளைக்க விட்டிருக்கின்றோம்.

புலவர் மரபு

கட்சி சாராமை தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர்கிழார் ஒருவர் பக்கமும் சேரவில்லை. ஆனால் அவர் வீட்டில் இருந்துவிடவும் இல்லை. முற்றுகையிட்டவனிடமும் கோட்டைக்குள் அடைபட்டவனிடமும் சென்று, தோற்பது சோழர்குடியே என்று இடித்துரைத்தார். மலையமான் மக்களை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவனைத் தடுத்ததும் அவர் நாவே. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். பிசிராந்தையார் வரி கொள்ளும் முறைபற்றிப் பாண்டியனுக்கு அறிவுறுத்தினார். சாராமை இவர்களுக்குப் பேசும் உரிமையைத் தந்தது. நம்மில் பலர்க்கோ அது பேசாதிருக்கச் சாக்காகிவிட்டது.

நாம் செய்யத்தக்கவை பெரியன அல்ல. வட்டத்தின் திங்கள் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தம் பெயரும் தம் வீட்டுப் பெண்களின் பெயரும் வாக்காளர் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்கலாம். வார்டுதோறும் மக்கள் கூடும் பகுதி சபைகள் 2022 நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றன. அவற்றில் கவிஞர் ஒருவர் எழுந்து தெருவின் குடிநீரைப் பற்றிக் கேட்பது கவிதைக்கு இழுக்காகாது. 2022இல் அமைந்த மாநகராட்சி மன்றம் ஐந்தாண்டுக் காலத்தது. அக்காலம் முடியும்போது தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள், 1973க்குப் பின்னும் 2016க்குப் பின்னும் வெற்றிடத்தில் வாழ்ந்த நாமே.

பத்தாண்டுகளாகத் துறைமுக ஊழியரையும் ஆலைத் தொழிலாளரையும் ஆசிரியரையும் ஓரவையில் அமர்த்திக் கவிதை கேட்கச் செய்த நம் வட்டம், எக்கொடியின் கீழும் நில்லாமல் கூடிப் பேசுதல் இயலும் என்பதை மெய்ப்பித்திருக்கின்றது. அப்பேச்சு வரும் பத்தாண்டில் வார்டு மன்றத்தின் வாயில்வரை செல்லட்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.